வீட்டில் பள்ளிக்கூடம், துணைக்கு ஒன்லைன்: கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஓர் அறிமுகம்

போன மாதம் ஆராதனை முடிந்து சேர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, மட்டக்களப்பு கல்லடியில் இருந்து வருகிற இளம் தாய் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டிலயே வைச்சுக் கிறிஸ்தவ முறையில படிப்பிக்கலாமாம். கனடாவில இருக்கிற மச்சாள் அப்பிடித்தான் செய்யிறா. ஒன்லைனில ஒரு ஸ்கூல் எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளுமாம். நீங்களும் செஞ்சீங்கதானே, அது என்ன மாதிரி?"

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அவருக்கு வீட்டில் ஆறுதலாக இருந்து சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். எங்கள் மூத்த மகனை 2021 தொடங்கி நான்கு வருடம், தரம் 4 முதல் தரம் 7 வரை, வீட்டில் படிப்பித்தோம். பிறகு அவன் பள்ளிக்கூடம் போனான். இளைய மகள் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதில்லை. ஆகவே இரண்டு வழியையும் ஒரே வீட்டுக்குள் பார்த்தவளாகத்தான் பேசுகிறேன்.

முதலில் சொல். ஹோம்ஸ்கூலிங் என்றால் பிள்ளையின் படிப்புக்கு முதல் பொறுப்பைப் பெற்றோர் தங்கள் கையில் எடுப்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குப் பின்னேரம் பாடம் சொல்லிக்கொடுப்பதை நம் ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்கிறார்கள். அது வேறு. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்களே, அதுவும் வேறு. அப்போது எதைப் படிப்பது, எப்போது படிப்பது, எது போதும் என்று தீர்மானித்தது பள்ளிக்கூடம்தான்; நாங்கள் கதிரையும் மேசையும் மட்டும் கொடுத்தோம். ஹோம்ஸ்கூலில் அந்தத் தீர்மானங்கள் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும்.

இந்த வழி இன்றைய வடிவில் அமெரிக்காவில் வளர்ந்தது. 1970களில் ரேமண்ட் மூர், டொரதி மூர் என்ற தம்பதியர், சிறு பிள்ளைகளை அவசரப்பட்டு வகுப்பறையில் இருத்த வேண்டாம் என்று எழுதியும் பேசியும் வந்தார்கள். அவர்கள் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன்பே, 1962 இலும் 1963 இலும், அரசுப் பள்ளிகள் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் மனம் நொந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இந்த வழிக்கு வந்தன. வழக்கு வழக்காக நடந்து, 1993 ஆகும்போது 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. ஜேர்மனியில் இன்றும் அனுமதி இல்லை. நாட்டுக்கு நாடு அவ்வளவு வித்தியாசம்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய காரணம் நமக்குப் பொருந்தாது. இலங்கையில் சமயம் ஒரு கட்டாய பாடம். சாதாரண தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கிறது. பரீட்சையில் கிறிஸ்தவத்துக்கு ஒரு தாள், கத்தோலிக்கத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகவே வருகிறது. மட்டக்களப்பில் இது இன்னும் ஒரு படி மேல். 1814 இல் வந்த மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இந்த மண்ணில் இறந்துபோனார். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்ட் மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தொடங்கியது. 1960, 1961 இல் சபைகள் நடத்திய, அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்த பிறகும் அந்தப் பெயர்களும் மண்டபங்களும் நம்மோடு இருக்கின்றன. பள்ளிக்கூடம் நம் சபைகளுக்கு எதிரி அல்ல. நம் சபைகள் பெற்ற பிள்ளை. மச்சாளின் காரணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு இதில் இறங்க வேண்டாம் என்று அந்தத் தங்கச்சியிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

எங்கள் காரணம் வாசிப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த மாதங்களில்தான் என் மகனுக்கு வாசிக்க வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். படத்தைப் பார்த்தும், பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்தும், கேட்டதை மனப்பாடம் பண்ணியும் மூன்று வருடம் சமாளித்திருக்கிறான். அது லகர ளகரக் குழப்பம் இல்லை, சொல்லின் நடு எழுத்தே அவனுக்கு வழுக்கிப் போனது. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரு ஆசிரியர் இதைக் காணாமல் போனதற்கு நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற நானே காணவில்லை. நோயோடு இருக்கிற பிள்ளை, காது கேட்பதில் குறை உள்ள பிள்ளை, தகப்பனின் வேலையால் அடிக்கடி ஊர் மாறுகிற பிள்ளை, இப்படி வேறு குடும்பங்களுக்கு வேறு காரணம் இருக்கும். உங்கள் காரணத்தை ஒரு வசனத்தில் எழுத முடிந்தால் நல்லது. எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது மாதம் அதைத் திரும்ப வாசிக்க வேண்டி வரும்.

பயத்தை மட்டும் காரணமாக வைக்காதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் இழந்த பிறகு, பிள்ளையைப் படலைக்கு வெளியே விடவே மனம் வராத தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த வேதனை சாதாரணமானது அல்ல. அந்தப் பயத்துக்கு ஜெபமும், பேசுவதற்கு ஆளும், தேவைப்பட்டால் மனநல வைத்தியரும் வேண்டும். வீட்டுக்குள் ஒரு வகுப்பறை வைப்பதால் அது தீராது. பிள்ளை அந்தப் பயத்தைத்தான் முதல் பாடமாகப் படிக்கும்.

இனி "கிறிஸ்தவ" என்ற சொல். காலையில் ஒரு ஜெபம், ஒரு மனப்பாட வசனம், மிச்சமெல்லாம் வழமையான பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். உபாகமம் ஆறாம் அதிகாரம் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற இடத்தில், வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் என்று வருகிறது. அதில் ஒரு பாடவேளைகூட இல்லை, எல்லாம் நாளின் சாதாரண அசைவுகள். ஹோம்ஸ்கூல் தருகிற பெரிய வாய்ப்பும் அதுதான்: நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கலாம். பெரிய சங்கடமும் அதுதான், ஏனென்றால் நாள் முழுக்கப் பிள்ளையும் நம்மைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பிரித்தல் கணக்கில் நான் பொறுமை இழந்து கத்திய காலைகளில், அன்று படித்த "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்ற வசனம் மேசையில் திறந்தே கிடந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்ட நாட்கள் உண்டு. வேதபாடம் என்று நான் நடத்திய எதையும்விட அதை அவன் நினைவில் வைத்திருக்கிறான்.

சரி, ஒன்லைன் பாடசாலை எங்கே வருகிறது?

ஒரு தாய் தனியாகச் சுமக்க முடியாத வேலைகள் மூன்று. முதலாவது ஒழுங்கு: எந்தப் பாடத்துக்குப் பிறகு எது, வருடத்துக்குள் எவ்வளவு. பின்னங்கள் தெரியாத பிள்ளைக்குச் சதவீதம் சொல்லிக்கொடுத்து இரண்டு மாதம் வீணாக்கியவள் நான். பாடங்களின் வரிசையை அறிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் அது நடந்திராது. இரண்டாவது திருத்தம்: பெற்றவர் அல்லாத ஒருவரின் கண் பிள்ளையின் எழுத்தைப் பார்ப்பது. மூன்றாவது சாட்சி: இந்தப் பிள்ளை இதைப் படித்தது, இந்தப் புள்ளி எடுத்தது என்று வெளியார் ஒருவர் எழுதி வைக்கிற பதிவு. நல்ல ஒன்லைன் பாடசாலை இந்த மூன்றையும் செய்யும். பிள்ளையைக் கதிரையில் இருத்துவது, விளங்காததை வேறு விதமாகச் சொல்வது, காய்ச்சல் நாளில் விட்டுக்கொடுப்பது, வேலி ஓரமாகப் போகிற கீரிக்காகப் பாடத்தை நிறுத்துவது, இவை எதையும் அது செய்யாது. "எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளுமாம்" என்ற அந்தச் சொல்தான் பிழை.

இந்தப் பாடசாலைகள் ஒரே மாதிரி இல்லை. சில முழுப் பாடசாலைகள்: சூமில் ஆசிரியர் நேரடியாக வகுப்பெடுப்பார், வரவு பதிவார், வருட முடிவில் அறிக்கை தருவார். சில இடங்களில் பாடங்கள் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். பிள்ளை தன் நேரத்தில் பார்த்துப் பயிற்சி எழுதி அனுப்பும். அமெரிக்காவின் அபெக்கா அந்த வகையில் பழையது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வர்ஜீனியாவில் உள்ள சீட்டன் இருக்கிறது. அக்சலரேற்றட் கிறிஸ்டியன் எடியூகேஷன் என்பது 1970 இல் டெக்சாஸில் தொடங்கிய முறை. அதில் ஒவ்வொரு பாடமும் சிறு சிறு பயிற்சிப் புத்தகங்களாக வரும், வருடத்துக்கு ஒரு பாடத்துக்குப் 12. பிள்ளை ஒன்றை முடித்துச் சோதனையில் போதுமான புள்ளி எடுத்தால்தான் அடுத்ததுக்குப் போகலாம். வேகம் பிள்ளையுடையது என்பது அதன் பலம். கோடிட்ட இடம் நிரப்புவதே அதிகம், பேசவும் விவாதிக்கவும் இடம் குறைவு என்பது அதன் மேல் வைக்கப்படும் விமர்சனம். எனக்கும் அது சரி என்றே படுகிறது. இன்னொரு கரையில் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியையின் வழி இருக்கிறது. அவர் 1923 இல் மறைந்தவர். பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், உயிருள்ள நல்ல புத்தகத்தை வாசிக்க வேண்டும், வாசித்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறை. எங்கள் அம்மம்மா கதை சொல்லி முடித்ததும் "இப்ப நீ சொல்லு பாப்பம்" என்பார். அதேதான். வாசிக்கச் சிரமப்பட்ட என் மகனுக்கு இந்த வழிதான் கதவைத் திறந்தது.

திருத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாரியில் வெள்ளம் கூடி வாவி நிரம்பும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். அப்பாவோடு பாலமீன்மடுவுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகன், அன்று இரவு ஒரு பக்கம் எழுதினான். நான் சிவப்புப் பேனையை எடுத்து எழுத்துப்பிழைகளைச் சுழித்தேன். பதினொன்று. அவன் முகம் வாடியது. அதே பக்கத்தை ஒன்லைன் பாடசாலையின் ஆசிரியைக்கு அனுப்பினோம். அவர் ஒரு பிழையையும் சுழிக்கவில்லை. கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: தண்ணீர் உடைத்துக்கொண்டு போவதற்கு முன்னால் அந்த மணல் எப்படி இருந்தது? மகன் அரை மணிநேரம் விறாந்தைப் படியில் இருந்து யோசித்தான். பிறகு எழுதினான்: முதலில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் தண்ணீர் ஓடியது, மணல் கரை பாண் துண்டு போல் வெட்டுப்பட்டு நின்றது, பிறகு துண்டு துண்டாக விழுந்தது. முதல் தடவையாகத் தானாக ஒரு முழுப் பக்கம். ஒரு வாரம் கழித்து அந்த ஆசிரியை எழுத்துப்பிழைகளையும் எடுத்தார், ஒரு நாளைக்கு மூன்று மட்டும். இதற்குத்தான் வெளிக்கண் வேண்டும் என்கிறேன். பெற்றவள் பிழையைக் காண்பாள், ஏனென்றால் அவளுக்குப் பயம். வெளியார் பிள்ளையைக் காண்பார்.

பாடசாலை ஒன்றைத் தெரிவு செய்ய முன்னர் அவர்களுடைய விசுவாச அறிக்கையைக் கட்டாயம் வாசியுங்கள். கிறிஸ்தவம் என்ற ஒரே சொல்லுக்குள் பல சபைகள் இருக்கின்றன. சில பாடப்புத்தகங்கள் கத்தோலிக்கரைப் பற்றியோ பிற சமயத்தவரைப் பற்றியோ எழுதியிருப்பதைப் படித்தால், அதை நம் பிள்ளை கையில் கொடுக்க மனம் வராது. நம் பக்கத்து வளவில் இந்துக் குடும்பம், சந்தியில் கடை வைத்திருப்பவர் முஸ்லிம், அண்ணி கத்தோலிக்கர். விஞ்ஞானமும் அப்படித்தான். பூமிக்கு வயது சில ஆயிரம் வருடங்களே என்று விஞ்ஞானப் பாடமாகவே படிப்பிக்கிற புத்தகங்கள் உண்டு. நான் சிருஷ்டிகரை விசுவாசிக்கிறவள். ஆனாலும் நாளைக்கு உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப்போகிற பிள்ளைக்குப் பரிணாமக் கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது என்பது நேர்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். விசுவாசம் அரைகுறைத் தகவலில் நிற்கத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பாடங்கள் நம் ஊருக்குத் தைத்த சட்டை அல்ல. கணக்கில் டைம், நிக்கல் என்ற அமெரிக்கச் சில்லறைக் காசுகள் வரும், நீளம் அங்குலத்தில் வரும், பருவகாலப் பாடத்தில் இலையுதிர்காலமும் பனியும் வரும். நான் அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் வைத்தேன். தசமக் கணக்கை மீன் வாடியில் படித்தான்: ஒரு கிலோவும் 350 கிராமும் இறால் என்றால் 1.35, விலையால் பெருக்கு, காசு கொடு, மிச்சத்தைச் சரிபார். வரலாற்றுக்கு நமது அரச பாடநூலே போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் எல்லாத் தரத்துப் பாடநூல்களையும் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தமிழிலேயே வைத்திருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழி மூலப் பாடங்கள் உண்டு. கணக்கிற்குக் கான் அகடமி என்ற இணையத்தளம், அதுவும் இலவசம். ஒன்லைன் பாடசாலைக்குக் காசு கட்ட வசதி இல்லாதவர்கள் இவற்றைக் கொண்டே ஒழுங்கு ஒன்றைப் போட்டு, திருத்தத்துக்கு மட்டும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடிக்கலாம். நம் சபைகளில் அப்படிப்பட்டவர்கள் இல்லாத சபை இல்லை.

தமிழ் மொழிதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. கிறிஸ்தவ ஒன்லைன் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் பிள்ளை ஆங்கிலத்தில் ஜெபம் பண்ணும், அம்மம்மாவின் வேதாகமத்தை வாசிக்கத் தடுமாறும். ஆகவே தமிழை எவரிடமும் ஒப்படைக்காமல் நானே வைத்துக்கொண்டேன். தினமும் சங்கீதத்தில் சில வசனங்கள் உரத்த குரலில், பிறகு தமிழ்ப் பாடநூல், பிறகு வாரத்துக்கு ஒரு கடிதம், கொழும்பில் இருக்கிற பெரியப்பாவுக்கு, தபாலில்.

நேரம், டேட்டா, காசு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30, அவர்களுடைய கோடையில் மாலை 6.30. இங்கிலாந்தில் காலை 9 என்றால் நமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 1.30. சின்னப் பிள்ளையை இரவு பத்து மணி வரை திரைக்கு முன்னால் இருத்த வேண்டாம். சிறு வயதுக்குப் பதிவு செய்த பாடங்களே நல்லது. சூமில் குழு வகுப்பு ஒரு மணிநேரத்துக்கு அரை ஜிபிக்கு மேல் இழுக்கும். காணொளியை நிறுத்திக் குரலை மட்டும் விட்டால் நன்றாகக் குறையும். கட்டணம் டொலரில் இருந்தால் 2022 ஐ நினைவில் வையுங்கள்: சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியது, நாங்கள் ஒரு தவணை கட்டாமல் நின்றோம். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லை. அச்சிட்ட பாடங்கள் இருந்தபடியால் படிப்பு நிற்கவில்லை. திரையை மட்டும் நம்பியிருக்கிற பாடத்திட்டம் நம் ஊருக்குச் சரிவராது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு எழும்பி, ஆறுக்குக் குடும்ப ஜெபம், பிட்டு வேகிற நேரத்தில் தமிழ் வாசிப்பு. ஏழரைக்குக் கணக்கு, வெயில் ஏற முன். பிறகு ஆங்கிலமும் விஞ்ஞானமும். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் ஒன்றரை மணிவரை நடக்கிறதே, இது போதுமா என்று அப்பப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்றால் நேரம் அவ்வளவு தேவைப்படாது. பின்னேரம் அவன் கிரிக்கெட் விளையாடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனான். அதை நான் ஒரு நாளும் தடுக்கவில்லை. இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும், தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். மனுஷர் தயவு மனுஷரோடு பழகித்தான் வரும். வாலிபர் கூட்டம், பாடகர் குழு, நீச்சல், பக்கத்து வீட்டுத் தைப்பொங்கல் எல்லாம் டைம்டேபிளுக்குள் வர வேண்டியவை.

இப்போது அலுவலகக் காரியங்கள். இதில் அவசரப்படக் கூடாது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 1997 இல் 14 என்று இருந்ததை 2016 இல் 16 ஆக்கினார்கள். ஆகவே பிள்ளையை நிறுத்திவிட்டுப் பிறகு யோசிப்பது பிழையான வரிசை. முதலில் அதிபரோடு பேசுங்கள், அடுத்து உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மேற்கு, மட்டக்களப்பு மத்தி, பட்டிருப்பு, கல்குடா, அம்பாறைப் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எந்த வலயத்தில் இருக்கிறீர்களோ அங்கே. பாடத்திட்டம், வாராந்த அட்டவணை, ஒன்லைன் பாடசாலையில் சேர்ந்த கடிதம் மூன்றையும் இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். விடுகைப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள், திரும்பச் சேர்க்க அதுதான் வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வைப்பது நல்லது. 15 வயதில் அடையாள அட்டைக்குப் பாடசாலைப் பிள்ளைகள் அதிபர் மூலம் விண்ணப்பிப்பார்கள், நம் பிள்ளை கிராம உத்தியோகத்தர் மூலம்தான் போக வேண்டும்.

பலருக்கு ஞாபகம் வராத ஒன்று தடுப்பூசி. தரம் 6 இல் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி, தரம் 7 இல் போடுகிற ஏற்பு ஊசி இரண்டும் பாடசாலையில்தான் போடுவார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையைத் தேடி யாரும் வர மாட்டார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

பரீட்சைகளில் தரம் 5 புலமைப்பரிசில் பாடசாலை ஊடாக எழுதுவது. எங்கள் மகன் அதை எழுதவில்லை, எனக்கு அதில் கவலையும் இல்லை. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து எழுதலாம். சாதாரண தரத்தில் ஒன்பது பாடம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லோருக்கும் பொது, மூன்று தெரிவு. இன்னொரு வழி கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பரீட்சைகள். கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்துகிறது, செலவு அதிகம். வெளிநாட்டு ஒன்லைன் பாடசாலை தருகிற டிப்ளோமா அழகான தாளாக இருக்கும். ஆனால் நம் அரச பல்கலைக்கழகங்களுக்குப் போகிற வழக்கமான வாசல் உயர்தரமும் அதன் இசட் புள்ளியும்தான். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது, செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறினால் சில நிமிடம். அந்த வாசலைப் பிள்ளைக்கு மூடிவிடாமல் திட்டம் போடுங்கள். தரம் 9 வரை எந்தப் பாடத்திட்டத்தில் போனாலும், அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை என்பதைத் தீர்மானித்து அதற்கேற்பத் திருப்ப வேண்டும். இதனால்தான் எங்கள் மகன் தரம் 8 க்குப் பள்ளிக்கூடம் போனான். ஒரு தவணை சிரமப்பட்டான். முக்கியமாக, கை உயர்த்தாமல் பேசக் கூடாது என்பதைப் பழக அவனுக்கு நாள் எடுத்தது.

அந்தத் தங்கச்சி கடைசியில் கேட்டார், "எனக்கு ஏலுமா அக்கா?" நான் அவரிடம் சொன்னது: டிசம்பர் விடுமுறையில் நாலு கிழமை செய்து பாருங்க. பள்ளிக்கூடத்தை விடாதீங்க, ஒன்லைனுக்கும் காசு கட்டாதீங்க. காலையில் மூன்று மணிநேரம் மட்டும். ஒரு சங்கீதம், தமிழ்ப் பாடநூல், கணக்கு, ஒரு நல்ல புத்தகத்தை வாசித்துத் திருப்பிச் சொல்லுதல். ஒவ்வொரு இரவும் ஒரு கொப்பியில் இரண்டே வரி எழுதுங்க: இன்றைக்குப் பிள்ளை எதை விளங்கிக்கொண்டது, இன்றைக்கு நான் எத்தனை தரம் கத்தினேன். நாலு கிழமை முடிந்ததும் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்க, இருவரும் சேர்ந்து வாசிப்பம்.